கியர் அரைகிறதா? பொக்ஸை இறக்க முன் கிளச்சைப் பாருங்கள்

பழைய மொறிஸ் மைனரிலோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலோ கியர் போடும்போது கறகறவென்று அரைந்தால், "கியர் பொக்ஸ் போய்விட்டது" என்றுதான் முதலில் சொல்வார்கள். பொக்ஸை இறக்கி, கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் அலைந்து பழைய பல்லுச் சக்கரம் ஒன்றை வாங்கிப் போட்டுத் திரும்பப் பூட்டினால் அதே கறகறப்பு. இந்தக் கார்களில் கியர் அரைவது பெரும்பாலும் கிளச் முழுதாக விடாததால், அதாவது மிதித்தும் எஞ்சினைப் பொக்ஸிலிருந்து பிரிக்காததால்தான். கிளச் விடாததற்கான காரணமும் பல தடவை, கிளச்சை மூடிநிற்கும் கூடான பெல் ஹவுசிங்குக்கு வெளியேதான் கிடக்கும்: பெடல், கம்பி, பின், ரப்பர். அதனால் வெளியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கில் தேடுங்கள். செலவில்லாத வேலை முதலில், பொக்ஸை இறக்குவது கடைசியில்.

முதலில் சோதனை

எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளச்சை மிதித்தபடி நான்கு கியரையும் பின் கியரையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று நுழைய மறுத்தால் காரைக் கையால் அரை அடி முன்பின் தள்ளிவிட்டுத் திரும்பப் போடுங்கள். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றால் எந்த நல்ல பொக்ஸிலும் அப்படி மறுக்கும். எஞ்சின் நிற்கும்போது எல்லாம் இலகுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் அரைந்தால் குற்றம் கிளச்சில். எஞ்சின் நிற்கும்போதே முட்டினால் கியர் தடியிலோ பொக்ஸின் உள்ளேயோ தேடவேண்டும்.

அடுத்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை அடிவரை மிதித்து, ஐந்து எண்ணிவிட்டுப் பின் கியரைப் போடுங்கள். பின் கியருக்குச் சிங்குரோ, அதாவது பற்கள் சேர முன் வேகத்தைச் சமப்படுத்தும் பாகம், கிடையாது. அதனால் அது பொய் சொல்லாது. ஐந்து எண்ணிய பிறகும் அரைந்தால் கிளச் விடவில்லை. எண்ணாமல் உடனே போட்டு அரைந்தால் அதைக் குறையாக எடுக்கவேண்டாம். உள்ளே சுழலும் தண்டு நிற்க அவ்வளவு நேரம் தேவை. மைனரிலும் அந்தக் காலத்து ஒஸ்ரின்களிலும் முதலாம் கியருக்கும் சிங்குரோ இல்லை. இரண்டு, மூன்று, நான்குக்கு மட்டும்தான். புதிய ஜப்பான் கார் ஓட்டிப் பழகியவர் இவற்றில் ஏறியதும் கியர் அரைவதில் பாதி இந்த வகைதான்.

கிளச் பிடிக்கிறதா என்று பார்க்க, கைப்பிரேக்கை இறுக்கி, சில்லுகளுக்கு முட்டு வைத்து, நான்காம் கியரில் போட்டு, கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுத்தபடி பெடலை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நிற்கவேண்டும். நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தால் கிளச்சின் உராய்வுத் தட்டான பிளேட் வழுக்குகிறது. ஒன்றிரண்டு தடவைக்கு மேல் இதைச் செய்யாதீர்கள், நல்ல பிளேட்டும் கருகிவிடும். வன்னியில் வழுக்கும் கிளச் நெடுநாள் ஒளிந்திருக்கும். ஏ9 வீதி மட்டமானது, அதில் தேயும் பிளேட்டும் சமாளித்துக்கொள்ளும். நான்கு பேரையும் நெல்லு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு குளக்கட்டில் ஏறும்போதோ, முல்லைத்தீவுக் கரையோர மணலில் இறங்கும்போதோதான் எஞ்சின் இரைய, கார் நகராது.

சத்தம் வந்தால் அதையும் பிரித்துக் கேளுங்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் வரும் உராய்வுச் சத்தம், மிதிக்கும்போது கிளச்சை அழுத்தும் கிளச் பெயரிங்கில் இருந்து. நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது வந்து, மிதித்ததும் ஓயும் இரைச்சல் பொக்ஸின் உள்ளே, முன் பெயரிங்கிலோ, அடியில் பற்களைச் சுமக்கும் கீழ்த் தண்டிலோ. முதல் மூன்று கியரிலும் இரைந்து நான்கில் மட்டும் அமைதியானால் கீழ்த் தண்டின் பெயரிங்கைச் சந்தேகியுங்கள். நான்காம் கியரில் விசை நேராகப் போகும், கீழ்த் தண்டுக்குச் சுமை இல்லை. காரை எடுக்கும்போதும் அக்சிலேற்றரை விடும்போதும் "டக்" என்று ஒரே அடி கேட்டால் அது கிளச்சும் அல்ல, பொக்ஸும் அல்ல. பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டின் ஜொயின்ற்றைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

விடாத கிளச்: கம்பி வகை

மைனரில் பெடலுக்கும் கிளச்சுக்கும் நடுவே கம்பியும் லீவரும்தான். கீழே படுத்துச் செய்யும் வேலை இது. ஜக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகாதீர்கள். மணல் தரையில் ஜக்கின் கீழ் தடித்த பலகை போட்டு, உயர்த்திய பின் நல்ல மரக்குற்றியில் காரை இருத்துங்கள். சீமெந்துக் கல் வேண்டாம், அது சொல்லாமல் வெடிக்கும்.

பெடலைக் கையால் அழுத்துங்கள். காலால் மிதித்தால் வித்தியாசம் தெரியாது. முதலில் வெறுமையாகப் போகும் தூரம்தான் பிளே. பாரம் தட்டுப்படும் இடம் வரை அடிமட்டம் வைத்து அளவுங்கள். மொடலுக்குத் தக்கபடி முக்கால் அங்குலத்துக்கும் ஒன்றரை அங்குலத்துக்கும் இடையில் இருக்கும், உங்கள் காரின் கைநூலில் உள்ளதே சரியான அளவு. பிளே கூடினால் மிதி வீணாகிக் கிளச் விடாது. பிளே இல்லாவிட்டால் பெயரிங் எந்நேரமும் உராய்ந்து, பிளேட் வழுக்கும். கம்பியின் முனையில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் அளந்து பாருங்கள். முடிந்ததும் பூட்டு நட்டை இறுக்க மறக்கவேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த அமைப்பில் பிளேட் தேயத் தேயப் பிளே குறையும், கூடாது. அதனால் சில வாரங்களில் பிளே தானாகக் கூடியிருந்தால் தேய்ந்தது பிளேட் அல்ல, இணைப்புகளில் ஏதோ ஒன்று. நட்டைத் திருப்பி அதை மறைப்பதில் பயனில்லை. ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழிருந்து பாருங்கள். பெடல் நகர்ந்தும் கம்பி நகராத இடம், கம்பி நகர்ந்தும் லீவர் நகராத இடம் எங்கே என்று கண்ணுக்கே தெரியும். பின்கள் நடுவில் பாதியாகத் தேய்ந்திருக்கும், அவை நுழையும் துளைகள் முட்டை வடிவாகியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் வீணாகும், ஆனால் எல்லாம் கூடிப் பெடலில் ஒன்றிரண்டு அங்குலமாகிவிடும். லேத்தில் துளையை அடுத்த அளவுக்குத் துளைத்து, அதற்கேற்ற பின் போடலாம். துளை மிகவும் பெருத்திருந்தால் வெல்டிங்கில் அடைத்துப் புதிதாகத் துளைப்பதுதான் வழி. ஆணியை வளைத்துப் பின்னாகப் போடும் வேலை வேண்டாம். மெல்லிய இரும்பு சில மாதத்தில் தேய்ந்து, நடுவழியில் முறியும். பெடல் தண்டின் புஷ்ஷுக்கும் லீவர் புஷ்ஷுக்கும் கிறீஸ் போகிறதா என்றும் பாருங்கள். வன்னிச் செம்மண் தூசி பழைய கிறீஸுடன் சேர்ந்து அரத்தூள் போல வேலை செய்யும். புதுக் கிறீஸ் அடிக்க முன் பழையதைத் துடைத்தெடுங்கள்.

எஞ்சின் மவுண்டிங் ரப்பர் ஒயிலில் ஊறிக் கூழானால் அதுவும் கிளச் குறையாகவே வெளிப்படும். பெடல் சட்டத்தில் நிற்கிறது, கிளச் எஞ்சினோடு ஆடுகிறது. எஞ்சின் அசையும்போது கம்பி தானாக இழுபட்டு விடுபடும். கார் புறப்படும்போது உதறுவதற்குப் பிளேட்டைக் குறைசொல்ல முன் இந்த ரப்பர்களை மாற்றுங்கள்.

விடாத கிளச்: ஒயில் வகை

கேம்பிரிட்ஜ் ஏ55, ஏ60, பிற்கால மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியவற்றில் பெடல் தள்ளுவது பிரேக் ஒயிலை. மேலே மாஸ்ரர் சிலிண்டர், பெல் ஹவுசிங் பக்கத்தில் சிறிய சிலிண்டர். பெடலை அடிவரை மிதிக்கும்போது கீழ்ச் சிலிண்டரின் தள்ளுகம்பி அரை அங்குலத்துக்குக் கிட்ட நகரவேண்டும். கால் அங்குலம்தான் நகர்கிறதென்றால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது ரப்பர் தேய்ந்திருக்கிறது. பெடல் பஞ்சு போல் இருந்து இரண்டு மூன்று தடவை அடித்ததும் இறுகினால் காற்று. மிதித்தபடியே வைத்திருக்கும்போது கார் மெதுவாக ஊரத் தொடங்கினால் ரப்பர்.

காற்று எடுக்க:

1. மாஸ்ரர் சிலிண்டரின் மூடியையும் சுற்றுப்புறத்தையும் துடைத்துவிட்டுப் புதிய பிரேக் ஒயிலை நிரப்புங்கள். டொட் 3 அல்லது டொட் 4 போதும். திறந்து பலநாள் கிடந்த போத்தல் வேண்டாம், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும்.
2. கீழ்ச் சிலிண்டரின் பிளீடர் முலையில் தெளிவான குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துங்கள்.
3. ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் பிளீடரை அரைச் சுற்றுத் திறக்கவேண்டும். பெடல் அடியைத் தொட்டதும் பிளீடரை மூடி, அதன் பிறகுதான் பெடலை விடவேண்டும்.
4. குமிழி வராத வரைக்கும் தொடருங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒரு தடவை மேலே ஒயில் மட்டத்தைப் பாருங்கள். அது வற்றினால் செய்த வேலை எல்லாம் வீண்.

கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் ரப்பர் கிட் மாற்றும் நேரம். மாற்றும்போது சிலிண்டரின் உட்சுவரை விரலால் தடவுங்கள். துருக்குழி தட்டுப்பட்டால் புது ரப்பரும் நிலைக்காது, லேத்தில் ஸ்லீவ் போடவோ சிலிண்டரை மாற்றவோ வேண்டும்.

பிரேக் ஒயில் கிடைக்காத நேரத்தில் எஞ்சின் ஒயிலையோ வேறு எண்ணெயையோ ஊற்றி ஓட்டிய கார்கள் இங்கே உண்டு. பெற்றோலிய எண்ணெய் பட்டதும் அந்த ரப்பர்கள் ஊதிப் பெருத்துவிடும். அதன் மேல் நல்ல ஒயிலை ஊற்றுவதால் சரிவராது. குழாய்களை மெதிலேற்றட் ஸ்பிரிற்றால் கழுவி, எல்லா ரப்பரையும் மாற்றவேண்டும்.

இந்த வகையில் ஒரு திருட்டுக் குறையும் உண்டு. பெடலுக்கும் மாஸ்ரர் சிலிண்டரின் தள்ளுகம்பிக்கும் நடுவே சிறிதளவு பிளே இல்லாவிட்டால், உள்ளே ஒயில் திரும்பும் சிறு துவாரம் மூடியபடியே நிற்கும். எஞ்சின் சூடேறச் சூடேற ஒயில் விரிந்து, கிளச்சைத் தானாகவே கொஞ்சம் மிதித்துவிடும். காலையில் நன்றாக ஓடிய கார் மதிய வெயிலில் வழுக்கினால் பிளேட்டைத் தொடாமல் இதைப் பாருங்கள்.

துருவில் ஒட்டிய பிளேட்

பல மாதம் கொட்டிலில் நின்ற காரில் பெடல் சரியாக வேலை செய்தும் கிளச் கொஞ்சமும் விடாவிட்டால், பிளேட், எஞ்சினின் பின்னால் சுழலும் பிளைவீலோடு துருவால் ஒட்டியிருக்கும். மாரிமழைக்குப் பிறகு, கடற்கரைப் பக்கம் நிற்கும் கார்களில் இது சாதாரணம். முதலில் பெடலை அடிவரை அழுத்தி, பெடலுக்கும் சீற்றுக்கும் இடையில் ஒரு தடியை முட்டுக் கொடுத்து ஓரிரவு விடுங்கள். அதிலும் விடாவிட்டால் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். ஆளில்லாத வெளியான இடத்தில் இரண்டாம் கியரில் போட்டு, ஸ்ராற்றராலேயே காரைப் புறப்படச் செய்து, பெடலை மிதித்தபடி அக்சிலேற்றரைக் கொடுத்து விட்டு, கொடுத்து விட்டு ஓட்டுங்கள். பெரும்பாலும் ஒரு உதறலோடு கழரும். பிரேக் நன்றாக இருப்பதை உறுதிசெய்யாமல் இதைச் செய்யக்கூடாது. கழன்ற பின் முதல் சில மைலுக்குக் கொஞ்சம் உதறும், பிறகு தானே தணியும். அடுத்த மாரிக்கும் கார் நிற்கப்போகிறதென்றால் அந்தத் தடியை அப்படியே முட்டுக் கொடுத்து நிறுத்திவிடலாம்.

இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற நாட்களில் வெள்ளத்துக்குள்ளால் ஓட்டிவந்தாலும் பெல் ஹவுசிங்குக்குள் தண்ணீர் போகும். கரையேறியதும் முதலாம் கியரில் இரண்டு மூன்று தடவை மெதுவாகக் கிளச்சை இழுத்துவிட்டு உலர்த்துங்கள். ஈரத்தோடு நிறுத்தினால்தான் ஒட்டும்.

பிடிக்காத கிளச், உதறும் கிளச்

பிளே சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட்டின் உராய்வுப் படையான லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது ஒயில் பட்டிருக்கும். மைனரின் எஞ்சினில் பின்பக்கத்துக்கு ஒயில் சீல் கிடையாது. சுழலும் தண்டில் வெட்டிய திருகுக் கோடுதான் ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. எஞ்சினுக்குள் காற்றழுத்தம் கூடினாலோ ஒயில் நீர்த்துப்போனாலோ கோட்டைத் தாண்டி வழியும். அதனால் எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோலில் ஸ்ராற் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில் எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து, அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும். அந்த வாழ்வு வாழ்ந்த எஞ்சின்களின் பெல் ஹவுசிங்குக்குள் இன்றும் கறுத்த ஒயில் படிந்திருப்பதில் வியப்பில்லை.

பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளையும் அதில் தொங்கும் ஒரு கொட்டர் பின்னும் இருக்கும். கசியும் ஒயில் வெளியேற வைத்த வழி அது. பின் ஆடிக்கொண்டே இருப்பதால் துளை அடைபடாது. யாரோ அதைக் கழற்றிவிட்டுப் போல்ட் போட்டு அடைத்திருந்தால், "ஒயில் ஒழுகுவது நின்றுவிட்டது" என்ற மகிழ்ச்சி பிளேட் ஊறும் வரைக்கும்தான். போல்ட்டைக் கழற்றி, பின்னைத் திரும்பப் போடுங்கள்.

ஒயில் ஊறிய பிளேட்டைப் பெற்றோலில் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவது பரவலான பழக்கம். வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். சூடேறியதும் உள்ளே ஊறியிருந்த ஒயில் திரும்ப வெளியே வரும்.

பொக்ஸை இறக்கினால்

இறக்குவது ஒரு நாள் வேலை. அதனால் பாதிச் சாமானை மட்டும் மாற்றிச் சிக்கனம் பார்க்கவேண்டாம். பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், கிளச் பெயரிங், பிளைவீல் நடுவில் உள்ள சிறு பித்தளைப் புஷ் ஆகிய நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். வாங்கப் போகும்போது பழைய பிளேட்டைக் கையில் கொண்டுபோங்கள். 803, 948 சீசீ மைனருக்கு ஆறேகால் அங்குலம், 1962க்குப் பிந்திய 1098 சீசீ எஞ்சினுக்கு ஏழேகால் அங்குலம். இவ்வளவு காலத்தில் எஞ்சின் மாறிய கார்கள் அதிகம். காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டை நம்பி வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.

பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். காற்றடித்துத் தூசி கிளப்பாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். லைனிங் ஆணித்தலைக்குக் கிட்டத் தேய்ந்திருந்தால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது. ஆணி ஏற்கெனவே பிளைவீலில் கோடு கீறியிருந்தால், அல்லது நீலம் பாய்ந்து மயிர்வெடிப்புகள் தெரிந்தால், பிளைவீலை லேத்தில் மெல்லியதாகச் சீவவேண்டும். இந்தக் கார்களின் கிளச் பெயரிங்கில் குண்டுகள் இல்லை, அது வெறும் கார்பன் வளையம். இரண்டு ஸ்பிரிங் கிளிப்பில் நிற்கும். அதன் உலோகச் சட்டத்துக்குச் சமமாகக் கார்பன் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

நடுவிலுள்ள பித்தளைப் புஷ்ஷைப் பலரும் பார்ப்பதே இல்லை. அது தண்டோடு இறுகிப்போனால் கிளச் முழுதாக விட்டாலும் பொக்ஸின் தண்டு எஞ்சினோடு சேர்ந்து சுழலும், கியர் அரையும். கழற்ற இலகுவான வழி: துளை நிறையக் கிறீஸை அடைத்து, அதே பருமனுள்ள உருண்டைக் கம்பியை நுழைத்துச் சுத்தியலால் அடியுங்கள். கிறீஸ் பின்னாலிருந்து புஷ்ஷைத் தள்ளிவிடும். புதுப் புஷ்ஷை ஓரிரவு எஞ்சின் ஒயிலில் ஊறவைத்துப் பூட்டுங்கள்.

பிளேட்டைப் பூட்டும்போது நடுக்குமிழின் நீண்ட பக்கம் பொக்ஸைப் பார்க்கவேண்டும். மாறிப்போட்டால் கிளச் விடவே விடாது, திரும்பவும் முழுவதையும் இறக்கவேண்டிவரும். பழைய பொக்ஸ் தண்டு ஒன்றைச் செருகிப் பிளேட்டை மையப்படுத்திக்கொண்டு, போல்ட்டுகளை எதிரெதிராக, ஒரு நேரத்தில் அரைச் சுற்று என்ற கணக்கில் இறுக்குங்கள். பொக்ஸை ஏற்றும்போது அதன் பாரத்தைத் தண்டில் தொங்கவிடாதீர்கள். ஜக்கிலோ இரண்டாம் ஆளின் கையிலோ அது தாங்கப்படவேண்டும். தொங்கினால் புதுப் பிளேட் கோணிவிடும். அந்தக் கோணலும் விடாத கிளச்சாகத்தான் வெளிப்படும்.

கியர் தடியும் பொக்ஸும்

எஞ்சின் நிற்கும்போதே கியர் விழ மறுத்தால் முதலில் தடியைக் கழற்றுங்கள். அடிக்குமிழ் தேய்ந்திருக்கும், பிடித்திருக்கும் ஸ்பிரிங் முறிந்திருக்கும், அல்லது கால்விரிப்பு சுருண்டு தடியை முழுதாக அசையவிடாமல் தடுக்கும். கடைசியாகச் சொன்னது நகைச்சுவை அல்ல. ஏ40 சோமர்செற் போல ஸ்ரெயரிங்கில் கியர் உள்ள கார்களில் இணைப்புகள் அதிகம், எல்லாத் தேய்மானமும் கூடிக் கியரை இடம்மாற்றும். புஷ்களை மாற்றி, கம்பிகளின் நீளத்தை நியூட்ரலில் சரிபார்க்காமல் அவற்றின் பொக்ஸைத் திறக்கவேண்டாம்.

அக்சிலேற்றரை விட்டதும் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் பொக்ஸ் மவுண்டிங்கையும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் முதலில் பாருங்கள். அவை இறுக்கமாக இருந்தால் கியரைப் பிடித்துவைக்கும் செலக்ரர் குண்டை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது செலக்ரர் கவையோ பற்களோ தேய்ந்திருக்கும். ஸ்பிரிங் மலிவு. மற்றவை பொக்ஸ் பிரிக்கும் வேலை, அதைப் பழகிய கையிடம் விடுங்கள்.

கியர் ஏற்றும்போது இரண்டாவது மட்டும் அரைந்தால் சிங்குரோ தேய்ந்துவிட்டது. கவலைப்படாமல் பல வருடம் ஓட்டலாம். கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, பெடலை ஒரு கணம் விட்டு, திரும்ப மிதித்துக் கியரைப் போடுங்கள். இறக்கும்போது அந்த நடுக்கணத்தில் சிறிது அக்சிலேற்றரும் கொடுக்கவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாம் கியருக்கு இறக்கவும் இதுவே வழி.

ஒயில்

மைனரின் பொக்ஸுக்கு இரண்டேகால் பைன்ற், அதாவது 1.3 லீற்றர். ஊற்றும் பிளக் கால்விரிப்பின் கீழ், பொக்ஸ் மூடியில் உள்ள ரப்பர் அடைப்புக்குள் இருக்கும். இந்தப் பொக்ஸுக்கு எஞ்சின் ஒயிலேதான், எஸ்ஏஈ 30 அல்லது 20டபிள்யூ-50. "கியர்பொக்ஸ்தானே" என்று தடித்த 90 நம்பர் கியர் ஒயிலை ஊற்றுவதே காலையில் கியர் விழாததற்கு ஒரு காரணம். ஜீஎல்-5 என்று எழுதியது இன்னும் மோசம், சிங்குரோவின் பித்தளைப் பாகங்களை அது அரிக்கும். அந்த ஒயில் பின் அச்சுக்கு மட்டும். பழைய ஒயிலை ஓடிவந்த சூட்டோடு வெளியேற்றி, வெள்ளைத் தட்டில் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் மினுமினுப்பு சிங்குரோவின் தேய்மானம், கொஞ்சம் இருக்கலாம். காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

புதுக் கிளச் போட்ட பிறகு

ரயில் கடவையில் மறிக்கும்போது கியரில் வைத்துப் பெடலை மிதித்தபடி காத்திருக்காதீர்கள். கார்பன் பெயரிங் தேய்வது அந்த நிமிடங்களில்தான். நியூட்ரலுக்கு எடுத்துக் காலை விலக்குங்கள். ஓடும்போது பெடலில் காலை இளைப்பாற வைப்பதும் அதே கேடுதான். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படும்போது முதலாம் கியர் அரையாமலிருக்க, கார் முழுதாக நின்றபின் பெடலை மிதித்து மூன்று எண்ணிப் போட்டால் போதும். புதுப் பிளேட் படிய முதல் 500 கிலோமீற்றர் பாரமேற்றாமலும், கிளச்சை இழுத்து இழுத்து ஓட்டாமலும் இருங்கள். அந்த ஓட்டம் முடிந்ததும் பெடல் பிளேயைத் திரும்ப அளந்து பாருங்கள். கம்பி வகையில், புது லைனிங் படிந்ததில் அது கொஞ்சம் குறைந்திருக்கலாம்.